கீழ் முதுகு வலிக்கு ஷாக்வேவ் தெரபி: எடுத்தவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மழைக்குருவி:

அனைவருக்கும் வணக்கம். ஒரு வருடத்துக்கும் மேலாகக் கீழ் முதுகு வலியோடு இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. அரை மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் இடுப்புக்கு மேலே வலப்பக்கம் இறுக்கிப் பிடிக்கும். எழுந்து நடந்தால் கொஞ்சம் விடும். சில நாள் வலி பிட்டம் வரை இறங்கும், ஆனால் முழங்காலைத் தாண்டியதில்லை. கால் மரத்துப்போவதோ வலுவிழப்பதோ இல்லை.

எம்ஆர்ஐ எடுத்ததில் கீழ் முதுகின் எல்4, எல்5 எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சை தேவையில்லை, பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார். அங்கே ஐஎஃப்டி என்ற லேசான மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், சூட்டு ஒத்தடம் எல்லாம் வைத்தார்கள். வைத்த அன்று இதமாக இருக்கும், மறுநாள் மறுபடி அதே வலி.

இப்போது அதே இடத்தில் ஷாக்வேவ் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை, மொத்தத்துக்கும் முன்பணம் கட்ட வேண்டும். பிதுங்கிய டிஸ்க் இதில் உள்ளே போய்விடும் என்று அங்கே ஒருவர் சொன்னார். இது உண்மையா? பெயரைக் கேட்டாலே கரண்ட் வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இப்படி அடிக்கலாமா? முதுகு வலிக்கு எடுத்துப் பலன் கண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

நடைவண்டி:

கரண்ட் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். எனக்குக் குதிகால் வலிக்கு வைத்தார்கள். ஜெல் தடவி ஒரு கைப்பிடியை அழுத்திப் பிடிப்பார்கள், படபடவென்று அடிக்கும். வலிக்கிற இடத்தில் வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் காலையில் எழுந்து முதல் அடி வைக்க முடியாமல் தவித்தவனுக்குச் சில வாரங்களில் நல்ல மாற்றம் தெரிந்தது. முதுகுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

செங்கால்நாரை:

மழைக்குருவி, நான் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கருவியை வேலையில் பயன்படுத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஷாக்வேவ் என்றால் உடம்புக்குள் செலுத்தும் அழுத்த அலை. இந்தச் சிகிச்சை சிறுநீரகக் கல் வைத்தியத்தில் இருந்து வந்தது. விமானம் தயாரித்துக்கொண்டிருந்த டோர்னியர் நிறுவனத்தின் கருவியை வைத்து, 1980-ல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைக் கத்தி வைக்காமல் வெளியிலிருந்தே உடைத்தார்கள். அப்புறம் எலும்பு, தசைநார் வைத்தியத்துக்கு வந்தது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2000-ல் குதிகால் வலிக்கும், 2003-ல் டென்னிஸ் எல்போ எனப்படும் முழங்கை வலிக்கும் அனுமதி கொடுத்தது. கல் உடைக்க வைக்கும் சக்தியோடு பார்த்தால் நாங்கள் வைப்பது மிகக் குறைவு. எதையும் உடைப்பது இங்கே நோக்கமில்லை.

கருவியில் இரண்டு வகை உண்டு. உங்களுக்கு எது வைக்கப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஃபோகஸ்டு வகையில் மின்பொறியோ, மின்காந்தச் சுருளோ, பீசோ படிகங்களோ அலையை உண்டாக்கித் தோலுக்கு உள்ளே ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் குவிக்கும். ரேடியல் வகையில் கைப்பிடிக்குள் அழுத்தக் காற்று ஒரு சிறிய உலோகக் குண்டை வேகமாகத் தள்ளும். அது முனையில் வந்து மோதும், அந்த அடி தோல் வழியாக உள்ளே பரவும். ரேடியலில் சக்தி தோலில்தான் அதிகம். உள்ளே போகப் போகக் குறைந்து, சில சென்டிமீட்டரிலேயே தேய்ந்துவிடும். பெரும்பாலான பிசியோதெரபி நிலையங்களில் இருப்பது ரேடியல்தான். அதன் அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் சொல்வார்கள். ஃபோகஸ்டுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை மில்லிஜூல் என்று கணக்கு, 0.08-க்குக் கீழே இருந்தால் குறைந்த சக்தி என்று பொதுவாகச் சொல்வோம்.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், விலங்குகளில் செய்த சோதனைகளில் வலிச் செய்தியைக் கடத்தும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருள் குறைவதையும், அடிபட்ட திசுவில் புது ரத்த நுண்குழாய்கள் முளைப்பதையும் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் வலி குறைவதற்கு இவற்றில் எது எவ்வளவு காரணம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. டிஸ்க் உள்ளே போகாது. முதுகுப் பக்கம் இருந்து பார்த்தால் முதலில் தோல், அப்புறம் கொழுப்பு, அப்புறம் தடித்த முதுகுத் தசைகள், அதற்குப் பின் முதுகெலும்பின் பின்வளைவும் அதன் மூட்டுகளும், அதற்கும் உள்ளே நரம்புகள் போகும் குழாய். டிஸ்க் அந்தக் குழாய்க்கும் முன்னால் இருக்கிறது. ரேடியல் அலை தசையைக் கடக்கும்போதே தேய்ந்துபோகும், எலும்பில் மோதினால் கணிசமான பகுதி திரும்பிவிடும். டிஸ்க்கைத் தள்ளும் வேலையை எந்த ஷாக்வேவ் கருவியும் செய்யாது. அப்படிச் சொல்லி விற்பது தவறு, என் தொழிலில் இருப்பவர்கள் சொன்னாலும் தவறுதான்.

இன்னொன்று, பிதுங்கிய டிஸ்க் பல பேருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்குகிறது. பெரிதாக வெளியே தள்ளிய துண்டுகள் கூட அப்படிச் சுருங்குவதுண்டு. அந்தக் காலத்தில் என்ன சிகிச்சை எடுத்தோமோ அதற்கு நல்ல பெயர் போய்ச் சேர்ந்துவிடும்.

மழைக்குருவி:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. அப்படியென்றால் எம்ஆர்ஐ-யில் வந்த அந்தப் பிதுக்கம்தான் என் வலிக்குக் காரணமா இல்லையா? அந்த அறிக்கையைப் படித்ததிலிருந்து குனியவே பயப்படுகிறேன். கீழே விழுந்த பேனாவைக் கூட உட்கார்ந்துதான் எடுக்கிறேன்.

கல்மண்டபம்:

//எம்ஆர்ஐ-யில் வந்த அந்தப் பிதுக்கம்தான் என் வலிக்குக் காரணமா//

இதற்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய ஆய்வு ஒன்று உண்டு. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 40 வயதில் 50 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. அதாவது உங்கள் வயதில் வலியில்லாத இரண்டு பேரை ஸ்கேன் எடுத்தால் அதில் ஒருவருக்கு இதே வரி அறிக்கையில் வரும். உங்கள் வலி முழங்காலுக்குக் கீழே இறங்காமலும், மரத்துப்போகாமலும் இருப்பதைப் பார்த்தால் அந்த வரியைக் கண்டு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் மருத்துவரும் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஷாக்வேவ் பற்றி. எனக்கும் நீண்ட நாள் முதுகு வலி உண்டு, அதனால் இந்த ஆய்வுகளைத் தேடிப் படித்திருக்கிறேன். 2011-ல் முதுகு வலிக்கு அல்ட்ராசவுண்ட், ஷாக்வேவ் இரண்டையும் சேர்த்து அலசிய ஒரு ஆய்வு, இவை பலன் தருவதாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்று முடித்தது. அப்புறம் புது சோதனைகள் வந்தன. 2023-ல் நாள்பட்ட கீழ் முதுகு வலியில் 632 நோயாளிகளின் முடிவுகளைத் தொகுத்த ஒரு ஆய்வு, ஷாக்வேவ் எடுத்தவர்களுக்கு ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் வலி குறைந்திருந்ததாகவும், பெரிய பக்கவிளைவு இல்லை என்றும் சொல்கிறது.

நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால் ஒரு டஜன் சோதனைகளைச் சேர்த்தே அந்த 632 பேர்தான். ஒவ்வொன்றும் சிறியது. ஒருவர் ரேடியல் வைத்திருப்பார், இன்னொருவர் ஃபோகஸ்டு. சக்தியும் இடமும் மாறும். ஒப்பீட்டுக் குழுவுக்கு எங்கோ உடற்பயிற்சி, எங்கோ வேறு கருவி. மூன்று மாதத்துக்கு அப்பால் என்ன ஆனது என்பதற்கு மிகக் குறைந்த தகவலே இருக்கிறது. முதுகு வலியோ வருடக்கணக்கில் வந்து வந்து போகிற விஷயம்.

போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவதும் இதில் கஷ்டம். மாத்திரையில் சர்க்கரை உருண்டையைக் கொடுத்து ஏமாற்றிவிடலாம். படபடவென்று அடித்து வலிக்கிற கருவியை எப்படிப் போலியாக வைப்பது? சத்தம் மட்டும் வரும், அலை உள்ளே போகாத முனைகளை வைத்துச் சில சோதனைகள் செய்கிறார்கள், ஆனால் நோயாளிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

தோள்பட்டையில் இதைவிட அதிக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அங்கேயே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பு, 32 சோதனைகளைப் பார்த்துவிட்டு, நோயாளிக்கு உணரும்படியான நன்மை மிகக் குறைவு என்று எழுதியது. தோளுக்கே இந்த நிலை என்றால் முதுகுக்கு உறுதியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பது நல்லது.

இன்னொரு விஷயம் மனதை உறுத்துகிறது. உங்களுக்கு வைத்த ஐஎஃப்டி, அல்ட்ராசவுண்ட் இரண்டையும் முதுகு வலிக்கு வைக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-லேயே வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. பெல்ட், ட்ராக்‌ஷன் (முதுகை இழுத்து வைக்கும் முறை) கூட அந்தப் பட்டியலில் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாள்பட்ட முதுகு வலிக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ் என்ற மின்தூண்டல், பெல்ட், ட்ராக்‌ஷன் வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநலச் சிகிச்சை ஆகியவற்றைச் சொல்கிறது. ஒரு வருடத்தில் உங்களுக்கு யாராவது முறையாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களா?

மழைக்குருவி:

ஒரு தாளில் நாலு படம் போட்டுக் கொடுத்தார்கள். செய்து காட்டவில்லை. சரியாகச் செய்கிறேனா என்று யாரும் பார்க்கவும் இல்லை.

தும்பி:

கல்மண்டபம் ஐயா, நீங்கள் படித்ததை மதிக்கிறேன். ஆனால் நான் பலன் கண்டவள், அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஆரம்பித்த வலி எனக்கு. இடுப்பெலும்புக்கு மேலே, விலாவுக்குக் கீழே ஒரு இடத்தை அழுத்தினால் உயிர் போகும், பிட்டத்துக்கு வலி பாயும். எனக்குப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அந்த இடத்தையும் பிட்டத்தின் பக்கவாட்டுத் தசையையும் விரலால் தேடி, எனக்கு வரும் அதே வலி அங்கிருந்து கிளம்புகிறதா என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த இடங்களில் மட்டும்தான் ரேடியல் ஷாக்வேவ் வைத்தார். முதல் முறை வைத்த இரவு கூடுதலாகவே வலித்தது. அடுத்தடுத்து வைத்தபோது அழுத்தினால் இருந்த வலி குறைந்துகொண்டே வந்தது. குழந்தையைத் தூக்க முடியாமல் இருந்தவள் தூக்க ஆரம்பித்தேன். ஆராய்ச்சியில் எத்தனை பேருக்கு என்று எழுதியிருந்தாலும், என் உடம்பில் நடந்தது நடந்ததுதான்.

கல்மண்டபம்:

தங்கை தும்பி, உங்களுக்கு வலி குறைந்தது என்பதை நான் மறுக்கவே இல்லை, கேட்க மிகவும் சந்தோஷமாக இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: அந்தக் காலத்தில் வேறு என்ன செய்தீர்கள்? உடற்பயிற்சி இருந்ததா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. நாள்பட்ட முதுகு வலி ஏறி இறங்கும். நாம் சிகிச்சைக்கு ஓடுவது அது உச்சத்தில் இருக்கும்போது. அங்கிருந்து எதைச் செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். ஒருவருடைய அனுபவத்தில் எது மருந்தின் வேலை, எது காலத்தின் வேலை என்று பிரிக்க முடியாது. அதனால்தான் ஒப்பீட்டுக் குழு வைத்துப் பார்க்கிறார்கள்.

தும்பி:

உடற்பயிற்சி இருந்தது. ஷாக்வேவ் வைத்த அன்றே புதுப் பயிற்சி ஒன்று சொல்லிக் கொடுப்பார், அடுத்த வாரம் செய்து காட்டச் சொல்வார். அதற்கு முன்பும் பயிற்சி செய்ய முயன்றிருக்கிறேன், வலியால் பாதியிலேயே விட்டுவிடுவேன். ஷாக்வேவ் வைத்த பிறகு வலி தணிந்ததால் விடாமல் செய்ய முடிந்தது. எனக்கு அதுதான் பெரிய உதவி.

செங்கால்நாரை:

தும்பி சொன்ன இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் நான் இந்தக் கருவியை வைத்திருக்கிறேன். வலி கொஞ்சம் தணிகிற அந்தச் சில வாரங்களில் நோயாளியை அசைய வைத்துவிட வேண்டும். பயிற்சி இல்லாமல் வெறும் ஷாக்வேவ் மட்டும் வைத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கல்மண்டபம் ஐயா எடுத்துக்காட்டிய ஆய்வுகளை நானும் ஒத்துக்கொள்கிறேன். குதிகால், அதற்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநார், சுண்ணாம்பு படிந்த தோள் ஆகியவற்றுக்கு இருக்கும் அளவு உறுதி முதுகுக்கு இன்னும் வரவில்லை. அதனால் முதுகுக்கு வைக்கும்போது ஆளைப் பார்த்துத்தான் வைப்பேன். வலி கீழ் முதுகு, பிட்டத் தசையில் இருக்க வேண்டும். அழுத்தினால் நோயாளிக்குப் பழக்கமான அதே வலி கிளம்ப வேண்டும். கால் வரை பாயும் நரம்பு வலி, இருமினால் காலில் மின்னல் அடிப்பது, காலில் பலம் குறைவது என்று இருந்தால் ஷாக்வேவ் என் முதல் யோசனையாக இருக்காது.

வைக்கும் முறை: குப்புறப் படுக்க வைத்து, ஜெல் தடவி, தசையின் மேல் மட்டும் நகர்த்துவோம். நடுவில் இருக்கும் முதுகெலும்பு முட்களின் மேல் வைப்பதில்லை. ரேடியலில் சுமார் 2000 அடிகள், 1.5-லிருந்து 3 பார் வரை நோயாளி தாங்குவதைப் பொறுத்து. மொத்தமே ஐந்து பத்து நிமிடம். தாங்கக்கூடிய வலி இருக்கலாம், மூச்சுப் பிடித்துக்கொண்டு பொறுக்கும் அளவுக்கு இருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு வைக்க வேண்டாம். குதிகாலில் செய்த ஆய்வில் அப்படி வைத்தபோது பலன் குறைந்தது. அப்புறம் ஓரிரு நாள் தோல் சிவப்பு, கன்றிப்போதல், வலி இருக்கலாம்.

மூன்று முறை வைத்த பிறகும் கொஞ்சம்கூட மாற்றம் இல்லையென்றால் நான் நிறுத்திவிடுவேன். அதனால்தான் ஆறுக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவது எனக்குப் பிடிக்காத முறை. பணத்தைக் கட்டிவிட்டோமே என்று உபயோகமில்லாத சிகிச்சையைத் தொடர்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேர்க்காடு:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 74 வயது, இதயத்துக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறார். போன வாரம் குனிந்து எதையோ தூக்கியதிலிருந்து முதுகில் கடுமையான வலி. அவருக்கு இதை வைக்கலாமா?

செங்கால்நாரை:

வேண்டாம். இரண்டு காரணம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த அடியால் உள்ளே ரத்தம் கட்டலாம். ஷாக்வேவ் வைப்பதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது, அது ஆபத்து. இரண்டாவது இதைவிட முக்கியம்: இந்த வயதில் சின்ன சுமையைத் தூக்கியவுடன் வந்த கடும் வலி என்றால், எலும்பு அடர்த்தி குறைந்து முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவரிடம் சீக்கிரம் காட்டுங்கள், எக்ஸ்ரே தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

யாருக்கு வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கு முதுகில் கூடாது. வைக்கும் இடத்தில் புற்றுநோய் இருந்தால், கிருமித்தொற்று இருந்தால், ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் கூடாது. அதிக சக்தி ஃபோகஸ்டு அலையை முதுகுத்தண்டு, மூளை, நுரையீரல், வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சிப் பகுதி ஆகியவற்றின் மேல் செலுத்தக் கூடாது என்று சர்வதேச மருத்துவ ஷாக்வேவ் சங்கம் வரையறுத்திருக்கிறது. மேல் முதுகில் கவனமாக இருப்பதற்கு நுரையீரல்தான் காரணம். சமீபத்தில் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வேர்க்காடு:

மிக்க நன்றி. நாளைக் காலையிலேயே அழைத்துப் போகிறேன்.

பனிமூட்டம்:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இருபதுகளின் பிற்பகுதியில் முதுகு வலி வந்தது. காலையில் எழுந்தால் முதுகு ஒரு மணி நேரம் விறைத்துக் கிடக்கும். நடமாட ஆரம்பித்தால் விடும். ஓய்வெடுத்தால் கூடும். பின்னிரவில் வலி என்னை எழுப்பிவிடும். ஒரு பெரிய மருத்துவமனையில் தசைப்பிடிப்பு என்று சொல்லி இடுப்பு மூட்டுப் பக்கம் ஷாக்வேவ் வைத்தார்கள், முழுச் சுற்றும் முடித்தார்கள். துளியும் குறையவில்லை. காலையில் எப்படி இருக்கும், இரவில் எப்படி இருக்கும் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. இன்றுவரை அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

பிறகு வாதநோய் நிபுணர் ஒருவர் இந்த இரண்டு கேள்வியைத்தான் முதலில் கேட்டார். ரத்தத்தில் எச்எல்ஏ-பி27 என்ற மரபணு அடையாளத்துக்கான பரிசோதனை, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுக்குத் தனியாக எம்ஆர்ஐ. முடிவில் முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி மூட்டுவாதம், ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ் என்று தெரிந்தது. உரிய மருந்து, தினசரிப் பயிற்சி இரண்டும் சேர்ந்து இப்போது நன்றாக இருக்கிறேன்.

45 வயதுக்குள் மெல்ல ஆரம்பித்த வலி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இருப்பது, நடந்தால் குறைவது, கண் சிவந்து வலிப்பது, தோலில் சொரியாசிஸ்: இதில் சில சேர்ந்து இருந்தால் எந்தக் கருவிக்கும் முன்னால் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். மழைக்குருவி, உங்களுக்குக் காலையில் எப்படி?

மழைக்குருவி:

படித்ததும் பகீரென்றது. காலையில் எனக்குக் கொஞ்சம் பிடிப்பு இருக்கும், முகம் கழுவி வருவதற்குள் போய்விடும். இரவில் நன்றாகத் தூங்குகிறேன். மாலையில்தான் மோசம்.

பனிமூட்டம்:

கேட்க நிம்மதியாக இருக்கிறது. இருந்தாலும் அடுத்த முறை மருத்துவரிடம் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

செங்கால்நாரை:

பனிமூட்டம் எழுதியது மிக முக்கியம். அதோடு உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளையும் எழுதுகிறேன். சிறுநீர் போக முடியாமல் அடைப்பது, அல்லது கட்டுப்பாடு இல்லாமல் போவது. மலம் தெரியாமல் போவது. உட்காருமிடம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது. இரண்டு காலும் பலம் இழப்பது. இது நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம், அன்றே பார்க்க வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது. காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி இவற்றையும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மழைக்குருவி:

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்துக்கொண்டு போய்ப் பேசினேன். அங்கே மூத்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இருந்தார். ரேடியல் கருவி என்றார். டிஸ்க் உள்ளே போகுமா என்று நேராகக் கேட்டேன். போகாது, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். என்னைப் படுக்க வைத்துத் தும்பி அக்கா எழுதியது போலவே அழுத்திப் பார்த்தார். இடுப்பெலும்புக்கு மேலே ஒரு இடத்தில் கை வைத்ததும் என் வலி அப்படியே வந்தது. ஆறுக்கும் சேர்த்துக் கட்ட மாட்டேன், ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கட்டுகிறேன் என்றேன், முதலில் தயங்கினாலும் ஒத்துக்கொண்டார். பயிற்சியும் அவரே செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

என் பயம் ஒன்றுதான் மிச்சம். பயிற்சி செய்யும்போது வலித்தால் டிஸ்க் இன்னும் பிதுங்குகிறது என்று அர்த்தமா? எந்தப் பயிற்சி நல்லது?

செங்கால்நாரை:

வலிப்பதும் சேதமாவதும் ஒன்றல்ல. ஒரு வருடமாகக் குனியாமல் காத்துவந்த முதுகு, குனிய ஆரம்பித்ததும் முனகத்தான் செய்யும். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி வந்து, 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்த அளவு பயிற்சி சரி. மறுநாளும் கூடியே இருந்தால் விடாதீர்கள், அளவைப் பாதியாகக் குறைத்துத் தொடருங்கள். காலுக்குள் வலி புதிதாக இறங்க ஆரம்பித்தால் மட்டும் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

எந்தப் பயிற்சி என்பதில் பலர் சண்டை போடுகிறார்கள். 2021-ல் வந்த காக்ரேன் தொகுப்பு 249 சோதனைகளைப் பார்த்தது. நாள்பட்ட முதுகு வலிக்கு உடற்பயிற்சி உதவுகிறது என்பது அதில் தெரிகிறது. விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதை எடுங்கள் என்பதுதான் என் அனுபவம். உங்களுக்கு என்றால் இப்படி ஆரம்பிப்பேன்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, முட்டி போட்டுக் கைகளை ஊன்றி எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது, முழங்கால் மடக்கிப் பக்கவாட்டில் உடலைத் தூக்கிப் பிடிப்பது. கொஞ்சம் பழகியதும் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது, முதலில் வெறுங்கையோடு, அப்புறம் சின்ன எடையோடு. குனிவதைப் பயிற்சியாகவே செய்யும்போதுதான் குனியும் பயம் போகும். தரையில் கிடக்கும் பேனாவைக் குனிந்தே எடுங்கள்.

கல்மண்டபம்:

நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரில் ஒரு பகுதியினருக்குப் படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சியும் பிசியோதெரபிஸ்ட் விளக்கமும் கொடுத்தார்கள். மற்றவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வருவதற்கு 112 நாள் ஆனது, நடந்தவர்களில் பாதிப் பேருக்கு 208 நாள். ஒரு ஜோடி செருப்பைத் தவிர எந்தச் செலவும் இல்லாத விஷயம்.

அப்புறம், ஷாக்வேவ் எடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வலி பத்துக்கு எத்தனை என்று மட்டும் பார்க்காதீர்கள், அது மனநிலையைப் பொறுத்து மாறும். எத்தனை நிமிடம் வலியில்லாமல் உட்கார முடிகிறது என்று இன்றே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். மூன்றாவது முறை வைத்த பிறகு மறுபடி எழுதுங்கள். தொடர்வதா வேண்டாமா என்று அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

தும்பி:

மழைக்குருவி, முதல் முறை வைத்த இரவு வலி கூடினால் பயந்துவிடாதீர்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. மறுநாள் மாலைக்குள் தணிந்தது.

மழைக்குருவி:

நன்றி அக்கா, அதைத் தெரிந்துகொண்டது நல்லது. வரும் வாரம் முதல் முறை வைக்கிறார்கள். நோட்டில் எழுதிவிட்டேன் ஐயா. வைத்த அன்று நடக்கலாமா, பயிற்சி செய்யலாமா? வலி கூடினால் ஐஸ் வைக்கட்டுமா, மாத்திரை போடட்டுமா?

செங்கால்நாரை:

வழக்கமான நடை நடக்கலாம். பாரம் தூக்கும் பயிற்சி மட்டும் ஓரிரு நாள் கழித்துச் செய்யுங்கள். ஐஸ், வலி மாத்திரை இரண்டையும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வோம், உடம்பின் இயல்பான எதிர்வினையைத் தடுத்துவிடும் என்ற கருத்தில். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை, அதனால் தூங்க முடியாத அளவுக்கு வலித்தால் உங்கள் மருத்துவர் ஏற்கெனவே அனுமதித்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். கன்றிப்போன இடத்தைத் தேய்க்க வேண்டாம். மூன்றாவது முறை முடிந்ததும் உட்காரும் நேரம் எவ்வளவு ஆனது என்று இங்கே எழுதுங்கள், கூடியிருந்தாலும் சரி, கூடாவிட்டாலும் சரி.